ஒரு டன் ஈரக்குப்பைக்கு இரண்டு சிலிண்டர்: ஊர்க் குப்பையில் கேஸ் எடுக்கும் வழி

நகராட்சியின் பொதுச் சுகாதாரப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். பணிக்காலத்தின் பிற்பகுதி முழுக்க மக்கும் குப்பையில் கேஸ் எடுக்கும் நிலையத்தில்தான் போனது. இப்போதும் பேரூராட்சித் தலைவர், புதிதாக வந்த இளநிலைப் பொறியாளர், கல்யாண மண்டபம் வைத்திருப்பவர் என்று யாராவது போன் போட்டுக் கேட்கிறார்கள்: “சார், எங்க ஊர் குப்பையில கரண்ட் எடுக்கலாமா?” எடுக்கலாம். எப்படி என்பதை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். மாநகராட்சிகளுக்கு இது போதாது. நாளொன்றுக்கு ஒன்றிலிருந்து ஐந்து டன் வரை ஈரக்குப்பை சேரும் ஊர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

எரிப்பதா, நொதிக்க வைப்பதா

குப்பையிலிருந்து மின்சாரம் என்றதும் பலர் மனதில் வருவது ஒரு பெரிய உலை. ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் அது நடக்கிறது. அங்கே குப்பையில் காகிதமும் அட்டையும் பிளாஸ்டிக்கும் அதிகம். நம் ஊர்க் குப்பையில் இருப்பது வாழை இலை, மிச்ச சாம்பார், கீரைத் தண்டு, நனைந்த மண். எடையில் பாதி தண்ணீர், மழைக்காலத்தில் அதற்கும் மேல். ஒரு கிலோ தண்ணீரைச் சூடாக்கி ஆவியாக்கவே ஏறக்குறைய 600 கிலோகலோரி வேண்டும். அப்படியானால் குப்பை தன்னிடம் உள்ள சூட்டில் பெரும் பகுதியைத் தன்னைக் காயவைக்கவே செலவழித்துவிடும்.

டெல்லி திமார்பூரில் 1987-ல் டென்மார்க் தொழில்நுட்பத்தில் ஓர் ஆலை கட்டினார்கள். நாளுக்கு 300 டன் எரித்து 3.75 மெகாவாட் எடுப்பது திட்டம். கிலோவுக்கு 1,400 கிலோகலோரிக்கு மேல் சூடு தரும் குப்பை வரும் என்று நம்பி உலையை வடிவமைத்தார்கள். வந்த குப்பையில் அதில் பாதிதான் இருந்தது. சில வாரச் சோதனை ஓட்டத்தோடு ஆலை நின்றது. 2016-ஆம் ஆண்டு திடக்கழிவு மேலாண்மை விதிகளும், மறுசுழற்சிக்கு உதவாத, கிலோவுக்கு 1,500 கிலோகலோரியோ அதற்கு மேலோ உள்ள கழிவைத்தான் எரிபொருளாகப் பார்த்தன.

சரி, நொதிக்க வைத்தால், அதாவது காற்றுப் புகாத கலனில் நுண்ணுயிரிகளைக் கொண்டு குப்பையைச் செரிக்க வைத்துக் கேஸ் எடுத்தால், பிரச்சினை தீர்ந்துவிடுமா? லக்னோவில் 2003-ல் 5 மெகாவாட் அளவுக்கு நொதித்தல் ஆலையே கட்டினார்கள். மண், செங்கல் தூள், பிளாஸ்டிக் எல்லாம் கலந்த குப்பை வந்துகொண்டே இருந்ததால் அதுவும் சீக்கிரமே நின்றது. அதே நாட்டில் இந்தூரில் 2022 பிப்ரவரியில் திறந்த ஆலை நாளுக்கு 550 டன் ஈரக்குப்பையை எடுத்து 17,000 கிலோ வரை வாகன கேஸ் தரும்படி கட்டப்பட்டது. இந்தூரில் வீட்டு வாசலிலேயே குப்பை பிரித்து வாங்கப்படுகிறது. லக்னோ ஆலைக்கு அது கிடைக்கவில்லை. இந்த ஒரு வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். கலன், இயந்திரம், கேஸ் இன்ஜின் எல்லாம் கடையில் கிடைக்கும். சுத்தமான ஈரக்குப்பையை நாம்தான் உண்டாக்க வேண்டும்.

எடை போடுவது

திட்ட அறிக்கைகளில் ‘நபருக்கு இத்தனை கிராம் பெருக்கல் மக்கள்தொகை’ என்று ஒரு கணக்கு வரும். அதைத் தூக்கி ஓரமாக வையுங்கள். உங்கள் ஊர் வண்டிகளை எடைமேடையில் ஏற்றி, ஞாயிறு உட்பட ஒரு வாரம் முழுதும் எடை எழுதுங்கள். ஒரு முறை போதாது. கல்யாண மாதத்தில் ஒரு வாரம், மழையில் ஒரு வாரம், ஆடியிலோ மார்கழியிலோ ஒரு வாரம் எடுக்க வேண்டும்.

ஆடியையும் மார்கழியையும் ஏன் சொல்கிறேன் என்றால், அந்த மாதங்களில் மண்டபங்கள் பூட்டிக் கிடக்கும். வைகாசியில் ஒரே முகூர்த்த நாளில் நாலு மண்டபத்துச் சாப்பாட்டுக் கழிவு வந்து நிற்கும். ஆடியில் வண்டி பாதி காலியாக வரும். கலனுக்குள் இருக்கும் நுண்ணுயிரிகளுக்கு விருந்தும் ஆகாது, பட்டினியும் ஆகாது. அதனால் ஆடி மாத எடைக்குத்தான் கலன் கட்ட வேண்டும். வைகாசியில் மிஞ்சுவதை நுண் உர மையத்துக்கு அனுப்பி உரமாக்கலாம். ஆலை விற்பவர்கள் இதற்கு நேர்மாறாக, அதிகபட்ச எடையைக் காட்டிப் பெரிய கலனாக விற்கப் பார்ப்பார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள்.

எடையோடு வேலை முடியாது, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு வண்டிக் குப்பையைத் தார்ப்பாயில் கொட்டி, நன்றாகப் புரட்டி, வட்டமாகப் பரப்பி நான்கு பங்காக்குங்கள். எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளிவிட்டு, மீதியை மறுபடி புரட்டி நான்காக்குங்கள். நூறு கிலோ அளவுக்கு வந்ததும் உட்கார்ந்து தனித்தனியாகப் பிரியுங்கள்: சமையல் கழிவு, காய்கறி, இலை, இளநீர்க் கூடு, பிளாஸ்டிக், துணி, மண், டயப்பர். ஒவ்வொன்றையும் எடை போடுங்கள். தூய்மைப் பணியாளர்களோடு பொறியாளரும் கையுறை போட்டுக்கொண்டு உட்கார வேண்டும். அன்றைக்குத் தெரிந்துகொள்வது எந்தக் கருத்தரங்கிலும் கிடைக்காது. பெரும்பாலான ஊர்களில் இளநீர்க் கூட்டின் எடையே திகைக்க வைக்கும். அது கேஸ் தராது. தனி வழி பார்க்க வேண்டும்.

கேஸை யார் எரிக்கப்போகிறார்கள்

இடம் தேடுவதற்கு முன் இதை முடிவு செய்யுங்கள். நல்ல ஈரக்குப்பை ஒரு டன்னுக்கு 80 கன மீட்டர் கேஸ் என்று திட்டம் போடலாம். ஓட்டம் சீராக இருந்தால் 100-ஐயும் தாண்டும், ஆனால் அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். ஒரு கன மீட்டர் சாண எரிவாயு (குப்பையில் வருவதும் அதே வகைக் கேஸ்தான்) சுமார் 0.45 கிலோ எல்.பி.ஜி.க்குச் சமம். அப்படியென்றால் ஒரு டன்னுக்கு 36 கிலோ, ஏறக்குறைய இரண்டு 19 கிலோ வணிக சிலிண்டர். அதே கேஸை இன்ஜினில் விட்டால் கன மீட்டருக்கு ஒன்றரை யூனிட், ஆக 120 யூனிட் கரண்ட். அதிலும் அரவை மோட்டாரும் பம்பும் கொஞ்சம் தின்றுவிடும். இரண்டு சிலிண்டரின் விலையையும் 120 யூனிட் மின்சாரத்தின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

என் கருத்து இதில் உறுதியானது. பக்கத்தில் பெரிய அடுப்பு ஒன்று இருந்தால் அடுப்புக்கே கொடுங்கள். அம்மா உணவகம், அரசு மருத்துவமனைச் சமையலறை, மாணவர் விடுதி, கோயில் அன்னதானக்கூடம் எதுவாக இருந்தாலும் சரி, தினமும் எரிய வேண்டும். வருடத்தில் பாதி நாள் விடுமுறை விடும் இடத்தை நம்ப முடியாது. அடுப்பே கிடைக்காத இடத்தில்தான் ஜெனரேட்டர். பகலெல்லாம் கேஸைச் சேர்த்து மாலை ஆறிலிருந்து இரவு பத்து, பதினொன்று வரை ஓட்டி வளாக விளக்குக்கும் தெருவிளக்குக்கும் கொடுக்கலாம்.

அடுப்புக்குக் கொடுப்பதில் ஒரு சின்ன வேலை உண்டு. எல்.பி.ஜி. பர்னரை அப்படியே மாட்டினால் சுடர் நிற்காது. சாண எரிவாயுவில் மீத்தேன் 50 முதல் 65 சதவீதம்தான், மீதி பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு. அதனால் நாசில் துளை பெரிதாக இருக்க வேண்டும், காற்றுத் துவாரத்தைக் குறைக்க வேண்டும். சாண எரிவாயுவுக்கென்றே செய்த வார்ப்பிரும்பு பர்னர் கிடைக்கிறது, அதையே வாங்கிவிடுங்கள். சமையல் மாஸ்டரைக் கூப்பிட்டு வைத்துப் பற்ற வைத்துக் காட்டுங்கள். அவருக்குப் பிடிக்காவிட்டால் ஒரே வாரத்தில் சிலிண்டர் திரும்ப வந்துவிடும்.

கலன் அளவு

ஒரு டன் குப்பையோடு ஒரு டன் தண்ணீர் சேர்த்து அரைக்கிறோம் என்றால் தினமும் உள்ளே போவது இரண்டு கன மீட்டர் கரைசல். அது கலனுக்குள் 40 நாள் தங்க வேண்டும். ஆக, கரைசலுக்கு மட்டும் 80 கன மீட்டர். நாலு பேர் முப்பது நாள் போதும், இருபது நாள் போதும் என்பார்கள். சூடாக்கும் வசதியும் தினசரிப் பரிசோதனையும் உள்ள ஆலைக்கு அது சரி. ஒரு மேற்பார்வையாளரும் மூன்று பணியாளர்களும் ஓட்டும் நிலையத்துக்கு 40 நாள்தான் பாதுகாப்பு. தப்பு நடந்தாலும் திருத்த நேரம் கிடைக்கும்.

கேஸைப் பிடித்து வைக்க மிதக்கும் மூடி உள்ளதா, பலூன் உள்ளதா என்று கேட்பார்கள். மிதக்கும் மூடியில் அழுத்தம் தானாகவே சீராக இருக்கும், மூடி எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தூரத்திலிருந்தே பார்த்துக் கேஸ் இருப்பைச் சொல்லிவிடலாம். இரும்பு மூடி துருப்பிடிக்கும். ஃபைபர் மூடி பல வருடம் வரும். பலூன் விலை குறைவு, ஆனால் அடுப்புக்குத் தள்ள புளோயர் வேண்டும், எலியிடமிருந்தும் வெயிலிடமிருந்தும் காப்பாற்ற வேண்டும். பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் நிசர்குருணா முறையில் முதலில் காற்றோட்டமுள்ள தொட்டியில் வெந்நீர் விட்டு அரைகுறையாகச் செரிக்க வைத்து, அப்புறம் பெரிய கலனுக்கு அனுப்புவார்கள். நல்ல முறை, ஆள் பயிற்சி கொஞ்சம் கூடுதலாக வேண்டும்.

எந்த வகையானாலும் தரையைச் சரிவாகக் கட்டி, அடியில் வண்டலை வெளியேற்ற அகலமான குழாயும் வால்வும் வையுங்கள். எவ்வளவு பிரித்தாலும் மண் வரும். அடியில் படியும் மணல் வருடா வருடம் கலனின் கொள்ளளவைத் தின்றுகொண்டே போகும். இந்தக் குழாயை வரைபடத்தில் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

பிரிக்கும் மேடை

நிலையத்தின் உயிர் இங்கேதான். தரையில் கொட்டிக் குனிந்து பிரிக்க விடாதீர்கள்; இடுப்பளவு உயரத்தில் துருப்பிடிக்காத எஃகு மேடை, மேலே கூரை, பக்கத்தில் குழாய்த் தண்ணீர், காலுக்குக் கீழே வழுக்காத தரை. மேடையின் நடுவில் சல்லடைத் துளைகள் இருந்தால் மண்ணும் கழிவுநீரும் கீழே இறங்கிவிடும்.

பணியாளர் ஒருவர் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். ஒரு கையால் பரப்புவார், இன்னொரு கை தானாக ஷாம்பு பாக்கெட்டை, பால் கவரை, ரப்பர் பேண்டைப் பொறுக்கிப் பின்னால் உள்ள கூடையில் போட்டுக்கொண்டே இருக்கும். கட்டின பையைப் பிரிக்காமல் ஒரு தடவை அமுக்கிப் பார்ப்பார். உள்ளே கண்ணாடியோ ஊசியோ இருந்தால் அந்த அழுத்தத்திலேயே தெரிந்துவிடும். கையுறை தடிமனாக இருந்தால் இந்தத் தொடு உணர்வு போய்விடுகிறது என்று கழற்றிவிடுவார்கள். வெட்டுப்படாத, அதே சமயம் மெல்லிய கையுறை விலை அதிகம்தான். அதை வாங்கிக் கொடுங்கள். டெட்டனஸ் ஊசியும் வேளாவேளைக்குப் போட்டுவிடுங்கள்.

கலனுக்குள் போகக்கூடாதவை: இளநீர்க் கூடு, தேங்காய் ஓடு, நார், மாங்கொட்டை, எலும்பு, முட்டை ஓடு, கரும்புச் சக்கை, காய்ந்த இலை. இவை செரிக்காது, மேலே மிதந்து தடித்த ஆடையாகக் கட்டிக்கொள்ளும், இல்லையென்றால் அடியில் தங்கும். ஜூஸ் கடையிலிருந்து வரும் எலுமிச்சை, சாத்துக்குடித் தோலைத் தனியே வாங்கி உரத்துக்கு அனுப்புங்கள். தோலில் உள்ள எண்ணெய் மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிரிகளுக்கு ஆகாது. கோழி, மீன் கழிவு கொஞ்சம் சேர்க்கலாம், அதிகமானால் அம்மோனியா ஏறிவிடும். இறகு வேண்டவே வேண்டாம்.

வாழை இலை நம் ஊரின் தனிச் சிக்கல். முழு இலையாக அரவையில் போட்டால் நடு நரம்பு நார் நாராகக் கிழிந்து தண்டில் சுற்றி மோட்டாரை நிறுத்திவிடும். முதலில் அரிவாளால் ஒரு சாண் துண்டுகளாக வெட்டிவிட்டு, காய்கறியோடு கலந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். முகூர்த்த நாளில் இலை மலையாகக் குவியும்போது பாதியை உரக்குழிக்கு அனுப்பிவிடுவதே நல்லது.

ஆயுத பூஜைக்கு அடுத்த நாள் வரும் குப்பைக்குத் தனி எச்சரிக்கை தருகிறேன். தெருவெல்லாம் உடைத்த பூசணிக்காய் வரும். பூசணி கலனுக்கு நல்ல தீனிதான், ஆனால் அதற்குள் காசு போட்டு உடைப்பது வழக்கம். ஒரு ரூபாய் நாணயம் அரவைக் கத்தியின் முனையை உடைக்கப் போதும். அன்றைக்குப் பூசணியைத் துண்டு துண்டாக விரித்துப் பார்த்தபிறகே அரவைக்கு விட வேண்டும். கிடைக்கும் காசு பிரித்தவர்களுக்கே.

அரவை இயந்திரத்தைக் கோயம்புத்தூர் மாதிரி பக்கத்து ஊரிலிருந்து, உதிரிபாகம் இரண்டு நாளில் கிடைக்கும் இடத்தில் வாங்குங்கள். இரண்டு செட் கத்தி எப்போதும் அலமாரியில் இருக்க வேண்டும். கத்தி வெளிநாட்டிலிருந்து வர வேண்டும் என்று ஒரு வருடத்துக்கு மேல் பூட்டிக் கிடந்த நிலையத்தைப் பக்கத்து மாவட்டத்தில் பார்த்திருக்கிறேன். ஒரு கத்திக்காகக் கலன் முழுக்கச் செத்துப்போனது.

வாசலில் பிரிக்க வைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. நோட்டீஸ் ஒட்டினால் மாறாது. தினமும் வரும் பணியாளரே சொன்னால்தான் மாறும். எங்கள் பணியாளர் அம்மா ஒருவர் ஓட்டல் பின்கதவில் நின்று, “மாஸ்டர், இந்த வாளியில இலையும் சோறும் மட்டும் போடுங்க. டீ கப்பு, ஸ்ட்ரா இதுல விழுந்துச்சுன்னா நான் எடுக்க மாட்டேன், நீங்களே வச்சுக்கணும்” என்று சொல்லிவிட்டு, உண்மையாகவே கலந்த வாளியை விட்டுவிட்டுப் போனார். அடுத்த நாள் வாளி சுத்தமாக இருந்தது. ஆனால் அன்று ஓட்டல்காரர் அலுவலகத்துக்குப் போன் செய்து புகார் சொன்னபோது அதிகாரிகள் பணியாளர் அம்மா பக்கம் நின்றார்கள். அதுதான் முக்கியம். அப்படி நிற்கத் தயாராக இல்லாவிட்டால் பணியாளரிடம் பிரித்து வாங்கச் சொல்லாதீர்கள்.

முதல் ஆறு மாதம் வீடுகளைத் தொடவே வேண்டாம். ஓட்டல், மண்டபம், உழவர் சந்தை, காய்கறி மார்க்கெட், விடுதி இவை போதும். குறைந்த இடத்தில் நிறைய எடை, ஒரே மாதிரிக் கழிவு. ஓட்டம் பிடிபட்டபின் தெருத் தெருவாக வீடுகளைச் சேர்க்கலாம்.

முதல் நெருப்பு வரை

மீத்தேன் தரும் நுண்ணுயிரிகள் மாட்டின் வயிற்றில் இருக்கின்றன, அதனால் சாணத்தில் தொடங்குகிறோம். சாணமும் தண்ணீரும் சம அளவு கரைத்து, வைக்கோலும் மண்ணும் நீக்கி, கலனில் ஐந்தில் ஒரு பங்காவது நிரப்புங்கள். பக்கத்தில் ஏற்கெனவே ஓடும் கலன் இருந்தால் ஒரு டேங்கர் கரைசல் வாங்கிச் சேருங்கள். பல நாள் மிச்சமாகும். மீதிக்குத் தண்ணீர். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் என்றால் ஒரு நாள் திறந்து வைத்து விடுங்கள்.

இரண்டு மூன்று வாரத்தில் மூடி ஏறும். உடனே பற்ற வைக்காதீர்கள்! முதலில் சேர்வது காற்று கலந்த கேஸ். மீத்தேன் காற்றில் 5 முதல் 15 சதவீதம் இருக்கும்போது வெடிக்கும். முதல் நிரப்பை, முடிந்தால் இரண்டாவதையும், திறந்தவெளியில் விட்டுவிட்டு அப்புறம் சோதியுங்கள். சோதனையையும் கலன் அருகில் செய்யாமல் குழாயின் கடைசியில், சுடர் தடுப்பான் தாண்டி, ஒரு பர்னரில் செய்யுங்கள்.

நீலச் சுடர் நிலையாக நின்ற பிறகு குப்பை தொடங்கலாம். முழு அளவில் பத்தில் ஒரு பங்கு. ஒரு வாரம் அப்படியே விட்டுப் பார்த்து அடுத்த பங்கு. முழு அளவை எட்ட இரண்டு, இரண்டரை மாதம் ஆகும். திறப்பு விழாத் தேதியைக் காட்டி அவசரப்படுத்துவார்கள். தேதியைத் தள்ளுங்கள், தீனியைக் கூட்டாதீர்கள்.

புளித்துப் போனால்

எல்லா நிலையத்திலும் ஒரு நாள் இது நடக்கும். கலனுக்குள் இரண்டு கூட்டம் வேலை செய்கிறது. ஒன்று குப்பையை அமிலமாக்கும், வேகமானது. மற்றொன்று அந்த அமிலத்தை மீத்தேனாக்கும், மெதுவானது, எதற்கும் சுணங்கிவிடும். சோறு, பழம், இனிப்பு அதிகம் போனால் முதல் கூட்டம் பாய்ந்து ஓடும், இரண்டாவது தொடர முடியாது. அமிலம் சேரும். மாம்பழ சீசனிலும் முகூர்த்தத்துக்கு மறுநாளும் இதுதான் கதை.

அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். காகிதம் 6.8 முதல் 7.4 வரை காட்டினால் நிம்மதி. 6.5-க்குக் கீழ் போனால் கலன் சிக்கலில் இருக்கிறது. ஆனால் பி.எச். கடைசியில்தான் அசையும், அதற்கு முன்பே சுடர் சொல்லிவிடும். மூடி நன்றாக ஏறியிருக்கும், பற்ற வைத்தால் சுடர் தாவும், அணையும். கார்பன் டை ஆக்சைடு கூடிவிட்டது என்று அர்த்தம். வெளிவரும் கரைசலில் சாண வாசனை போய்ப் புளித்த கஞ்சி வாசனை வரும்.

உடனே தீனியை நிறுத்துங்கள். பாதியாகக் குறைப்பது போதாது, முழுக்க நிறுத்த வேண்டும். தினமும் கொஞ்சம் புதுச் சாணக் கரைசல் விட்டு, மெதுவாகக் கலக்கிவிடுங்கள். பி.எச். ரொம்ப இறங்கியிருந்தால் ஆப்பச் சோடாவைத் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடலாம். சுண்ணாம்பு மலிவுதான், ஆனால் அது கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிக்கொண்டு அடியில் கல்லாகப் படியும், மூடிய கலனில் அழுத்தத்தையும் இறக்கிவிடும். சுடர் திரும்ப நீலமாகும் வரை காத்திருங்கள். ஒரு வாரமும் ஆகலாம், மூன்று வாரமும் ஆகலாம். அந்த நாட்களில் வரும் ஈரக்குப்பைக்கு உரக்குழி தயாராக இருக்க வேண்டும். உரக்குழி இல்லாமல் கேஸ் நிலையம் மட்டும் கட்டிய ஊரில், இந்த நேரத்திலும் குப்பையைக் கலனுக்குள்ளேயே திணிப்பார்கள். அதோடு கலன் முடிந்துவிடும்.

கேஸ் குழாய், ஆபத்து

கேஸில் ஈரமும் ஹைட்ரஜன் சல்பைடும் இருக்கும். குழாயை ஒரே சரிவாகப் போட்டு, தாழ்வான இடத்தில் குழாயில் சேரும் நீரைப் பிடிக்கும் நீர்ப்பொறி வைத்து, தினமும் காலையில் வடித்துவிட வேண்டும். வடிக்காத நீர் குழாயை அடைத்துக்கொண்டு, கேஸ் இருந்தும் அடுப்பு எரியாது. அழுகிய முட்டை வாசனை தரும் ஹைட்ரஜன் சல்பைடு இன்ஜினையும் பர்னரையும் அரிக்கும். துருப்பிடித்த இரும்புச் சுருள் நிரப்பிய உருளை வழியாக கேஸை விட்டால் அது பிடித்துக்கொள்ளும். லேத் பட்டறையில் கிடைக்கும் சுருள் போதும், நனைத்துத் துருப்பிடிக்க வைத்து நிரப்ப வேண்டும். கறுத்துப் போனதும் மாற்றுங்கள். மாற்றும்போது கவனம்: வெளியே எடுத்த சுருள் காற்றுப் பட்டதும் சூடேறும், குவித்து வைத்தால் தீயே பிடிக்கும். தண்ணீர் தெளித்துத் தரையில் மெல்லப் பரப்பிவிடுங்கள். சிவந்து திரும்பியதும் மறுபடி பயன்படுத்தலாம்.

இனிச் சொல்வதை நிலையத்தின் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். கலனுக்குள்ளோ கரைசல் தொட்டிக்குள்ளோ எந்தக் காரணத்துக்காகவும் மனிதர் இறங்கக் கூடாது. செல்போன் விழுந்தாலும், பம்பு அடைத்தாலும், யார் உத்தரவு போட்டாலும் இறங்கக் கூடாது. ஹைட்ரஜன் சல்பைடு அதிகமாகும்போது மூக்கு மரத்துவிடும். வாசனை இல்லை, ஆபத்தில்லை என்று நினைக்கும் நேரமே உயிர் போகும் நேரம். ஒருவர் விழுந்தால் காப்பாற்றப் போகிறவரும் விழுவார். கலனைச் சுத்தம் செய்ய வேண்டிய நாளில் இயந்திரத்தோடு வரும் ஆட்களைக் கூப்பிடுங்கள், வெளியிலிருந்தே உறிஞ்சி எடுக்கட்டும். இந்த ஒரு விஷயத்தில் செலவு கணக்குப் பார்க்கும் அலுவலகத்தோடு சண்டை போடவும் தயங்காதீர்கள்.

வெளியே வரும் கரைசல்

தினமும் இரண்டு கன மீட்டர் உள்ளே போனால் கிட்டத்தட்ட அவ்வளவும் வெளியே வரும். இரண்டாயிரம் லிட்டர். இதற்கு வழி வைக்காத நிலையங்கள் சாக்கடையில் விட்டு, அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வந்து மூடப்பட்டிருக்கின்றன. கரைசலை மணல் படுகையில் வடிகட்டி, நீரில் பாதியை அடுத்த நாள் அரைக்கத் திருப்பி எடுங்கள். முழுதும் திருப்பினால் உப்பும் அம்மோனியாவும் ஏறிவிடும். மீதி நீரை உரக்குழியின் மேல் தெளிக்கலாம், குழிக்கு ஈரமும் தழைச்சத்தும் கிடைக்கும். வண்டல் நல்ல உரம். விவசாயிகள் கேட்டு வருவார்கள், ஆனால் நடவு நேரத்தில்தான் வருவார்கள். மற்ற மாதங்களுக்கு உலர்களம் வேண்டும்.

காய்ந்த குப்பை

அட்டை, பாட்டில், இரும்பு எல்லாம் காயலான் கடைக்குப் போய்விடும். விலை போகாத கேரி பேக், பிஸ்கட் கவர், கிழிந்த பிளாஸ்டிக் இவற்றைக் கட்டுகளாக அமுக்கி சிமெண்ட் ஆலைக்கு அனுப்பலாம். தமிழ்நாட்டுப் பல நகராட்சிகள் அரியலூர்ப் பக்கத்து ஆலைகளுக்கு அனுப்புகின்றன. சிமெண்ட் சூளைக்குள் பொருள் 1,450 டிகிரி வரை சூடாகிறது. சாம்பலும், சிமெண்டாக அரைக்கப்படும் கிளிங்கர் கட்டியிலேயே சேர்ந்துவிடும். ஈரமும் குளோரினும்தான் அவர்களுக்கு ஆகாது. அதனால் ஃப்ளெக்ஸ் பேனர், பி.வி.சி. குழாய், ரெக்சின் துண்டுகளைக் கட்டாயம் நீக்குங்கள். மிச்ச சாப்பாடு ஒட்டிய கவரில் உப்பு இருக்கும், அதிலும் குளோரின் உண்டு. ஈரக்குப்பையைத் தனியே வாங்கினாலே இந்தக் கவர்களும் பாதி சுத்தமாகிவிடும். வாடகை லாரி யார் செலவு என்று முதலிலேயே எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள்.

போய்ப் பார்க்கும்போது

ஒப்பந்தம் போடுவதற்கு முன், அதே ஆள் கட்டிய நிலையம் எங்காவது மூன்று வருடத்துக்கு மேல் ஓடுகிறதா என்று கேட்டு, சொல்லாமல் கொள்ளாமல் போங்கள், ஆடி மாதத்தில் போனால் இன்னும் நல்லது. மேனேஜரிடம் பேசுவதற்கு முன் அரவை போடுபவரிடம் பேசுங்கள். “அண்ணே, கத்தி கடைசியா எப்ப மாத்தினீங்க?” என்று கேளுங்கள். கேஸ் மீட்டர் இருக்கிறதா, தினசரி அளவு நோட்டில் ஏறுகிறதா, அந்த நோட்டில் எண்கள் ஏறி இறங்குகின்றனவா என்று பாருங்கள். எல்லா நாளும் ஒரே எண் இருந்தால் யாரும் மீட்டரைப் பார்ப்பதில்லை. மின்கட்டண ரசீதைக் கேளுங்கள்: குப்பையில் கரண்ட் எடுக்கும் நிலையம் எவ்வளவு கரண்ட் வாங்குகிறது என்று அதில் தெரியும். அப்புறம் கேஸ் போகும் சமையலறைக்கு நடந்து போய், மூலையில் எல்.பி.ஜி. சிலிண்டர் எத்தனை இருக்கிறது, அதன் ரெகுலேட்டரில் தூசி படிந்திருக்கிறதா என்று பாருங்கள். தூசி இருந்தால் அந்த ஆளிடம் விலை பேசலாம். பணத்தில் ஒரு பகுதியை, மீட்டரில் தொடர்ந்து ஆறு மாதம் கேஸ் அளவு காட்டிய பிறகே தருவதாக ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.